'வூடு' என்பது 'வீடு' கெட்டுப்போனதா? பேச்சையும் எழுத்தையும் மொழியியல் ஆராயும் விதம்

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்க பாட்டி வூடு, கீது, இன்னா என்றுதான் பேசுவார். நானும் வகுப்பில் வாய்தவறி வூடு என்று சொல்லிவிட்டால் சிரிக்கிறார்கள். பேச்சுத் தமிழ் என்பது எழுத்துத் தமிழ் கெட்டுப்போன வடிவம்தானே? அதில் மொழியியல் ஆட்கள் ஆராய என்ன இருக்கிறது, எப்படி ஆராய்கிறார்கள்? பாட்டியின் பேச்சைப் பதிவு செய்து வைக்கவும் ஆசை. அதை எப்படிச் செய்வது?"

முதல் கேள்விக்குப் பதிலை உடனே சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போன வடிவம் இல்லை. உங்கள் பாட்டி சொல்லும் 'வூடு'க்குப் பின்னால் ஒழுங்கான விதி ஒன்று இருக்கிறது. உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் அதே விதியைக் காலையிலிருந்து இரவு வரை கடைப்பிடிக்கிறார்கள்.

எப்படி என்று பாருங்கள். பெண் என்று எழுதுகிறோம், பொண்ணு என்று பேசுகிறோம். பெட்டி பொட்டியாகிறது. பிள்ளை புள்ள, பிடி புடி, மிளகாய் மொளகா. மயிலாப்பூரிலும் அண்ணாநகரிலும் படித்தவர்கள் வீட்டிலும் இப்படித்தான். யாரும் சிரிப்பதில்லை. இந்தச் சொற்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். சொல்லின் முதல் மெய் ப, ம, வ என்று உதட்டில் பிறக்கும் ஒலியாக இருக்கிறது. முதல் உயிருக்கு அப்புறம் வருவது ட, ண, ள, ழ என்று நாக்கை மடித்துச் சொல்லும் ஒலி. இரண்டுக்கும் நடுவில் இகரமோ எகரமோ மாட்டிக்கொண்டால் அது குவிந்து உகரமாகவோ ஒகரமாகவோ ஆகிறது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நடப்பதில்லை. 'கிளி'யில் உதட்டொலி இல்லை, அது கிளியாகவே இருக்கிறது. 'மின்னல்', 'பெரிய' இரண்டிலும் நாக்கை மடிக்கும் ஒலி இல்லை, அவையும் மாறுவதில்லை.

பெரும்பாலோர் இதைக் குறிலில் மட்டும் செய்கிறார்கள். வடசென்னையிலும் வட மாவட்டங்களிலும் நெடிலுக்கும் நீட்டுகிறார்கள். வீடு வூடாகிறது, வேணும் வோணும் ஆகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். அதே விதி இன்னும் ஓரடி தள்ளிப் போயிருக்கிறது. பொண்ணு சொன்னால் இயல்பு, வூடு சொன்னால் கொச்சை என்கிற தீர்ப்புக்கு ஒலியில் எந்த ஆதாரமும் கிடையாது. யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துக் கொடுக்கிற தீர்ப்பு அது. எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடமும் இதுதான். ஒரு குழந்தை தன் வீட்டுப் பேச்சுக்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

சரி, மொழியியல் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்ற கேள்விக்கு வருவோம். மேலே நாம் செய்ததுதான் அவர்களுடைய முதல் வேலை. மாறுகிற சொற்களையும் மாறாத சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது இருந்தால் மாறுகிறது என்று தேடுவது. இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். படித்தான் என்பது படிச்சான் ஆகிறது. சிரித்தாள் சிரிச்சா. ஆனால் எடுத்தான் எடுத்தானாகவே இருக்கிறது, 'எடுச்சான்' என்று யாரும் சொல்வதில்லை. தெரிந்து தெரிஞ்சு ஆகிறது, நடந்து நடந்துதான். காய்ந்து காஞ்சு, வைத்து வச்சு. தகரத்துக்கு முன்னால் இ, ஐ, ய் என்று நாக்கு மேலண்ணத்தின் பக்கம் போகும் ஒலி இருந்தால் தகரம் சகரமாகிறது. ந்த என்று இருந்தால் ஞ்ச ஆகிறது. அகரமோ உகரமோ இருந்தால் மாற்றம் இல்லை. இதை நமக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடம் போகும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அப்புறம் 'செய்து' வருகிறது. விதிப்படி இதில் ச்ச வர வேண்டும். நாம் சொல்வதோ செஞ்சு. எழுத்தில் இல்லாத ஞகரம் எங்கிருந்து வந்தது? மழை பெய்து என்பதும் பேஞ்சு என்றுதான் ஆகிறது. காஞ்சு, மேஞ்சு, பாஞ்சு என்று ஒரு கூட்டமே பேச்சில் இருக்கிறது. செய், பெய் இரண்டும் அந்தக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டன என்பதுதான் பொருத்தமான விளக்கம். எழுத்து வடிவத்தை எவ்வளவு அழித்தாலும் தேய்த்தாலும் அதிலிருந்து செஞ்சு கிடைக்காது. பேச்சு தன் சொந்தக் கணக்கில் இலக்கணம் வைத்திருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இதெல்லாம் நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. ஐந்து அஞ்சு ஆவதும் மேலே சொன்ன விதிதான். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் தேவாரத்தில் 'அஞ்செழுத்து' என்றே பாடியிருக்கிறார். இன்று கோயம்பேட்டில் 'அஞ்சு கிலோ' என்று கேட்பவர் வாயில் இருப்பது அதே வடிவம். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரத்தைப் பாருங்கள். 'வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்' என்று இருக்கிறது. மக்கள் வழங்குவதையும் புலவர் செய்வதையும், இரண்டையும் அடிப்படையாக வைத்து இலக்கணம் ஆராய்ந்ததாகச் சொல்கிறது. வீரமாமுனிவர் 1728-இல் பேச்சுத் தமிழுக்கென்றே, கொடுந்தமிழ் என்ற பெயரில், லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. புதிதாக வந்த பாதிரிமார்களுக்குச் செய்யுள் தமிழ் மட்டும் தெரிந்தால் ஊருக்குள் காரியம் நடக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. செந்தமிழுக்குத் தனியாக இன்னொரு இலக்கணமும் எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த நிலைக்கு ஒரு பொதுப் பெயர் வந்தது. சார்லஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலார் 1959-இல் ஒரு கட்டுரை எழுதினார். அரபு, கிரேக்கம், ஸ்விஸ் ஜெர்மன், ஹெய்ட்டி கிரியோல் நான்கையும் வைத்து, ஒரே மொழிக்குள் வீட்டில் கற்கும் வடிவம் ஒன்றும் பள்ளியில் கற்கும் வடிவம் ஒன்றும் வேலையைப் பிரித்துக்கொண்டு வாழ்வதை விவரித்தார். தமிழில் இதை இரட்டை வழக்கு என்கிறோம். தமிழ் இதற்கு அப்படியே பொருந்தும். எழுத்துத் தமிழைத் தாய்ப்பாலோடு கற்றவர் யாரும் இல்லை. தமிழில் பெரிய புலவராக இருந்தாலும் வீட்டில் 'அம்மா, பசிக்கிறது, உணவு தாருங்கள்' என்று கேட்டு வளர்ந்திருக்க மாட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மு. சண்முகம் பிள்ளை 1960-களில் பேச்சுத் தமிழை முறையாக விவரித்து எழுதினார். ஹெரால்ட் ஷிஃப்மன் என்ற அமெரிக்க மொழியியலார் பல ஆண்டுகள் உழைத்து 1999-இல் பேச்சுத் தமிழுக்கு முழு இலக்கணம் வெளியிட்டார். திருநெல்வேலிக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் சென்னைக்கு வந்து ஒரே அலுவலகத்தில் உட்காரும்போது இரண்டு பேரும் தங்கள் ஊர் வாசனையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஒரு பொதுப் பேச்சுக்கு வருகிறார்கள் இல்லையா, அவர் எழுதியது அந்தப் பேச்சுக்கான இலக்கணம்.

அதற்காகச் சென்னையில் ஒரே பேச்சுதான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 'பார்த்துக்கொண்டு' என்று நாம் எழுதும் ஒரு சொல்லை நகரத்துக்குள்ளேயே பாத்துக்கிட்டு என்பவர்கள் உண்டு, உங்கள் பாட்டியைப் போல் பாத்துக்கினு என்பவர்கள் உண்டு, பாத்துண்டு என்பவர்கள் உண்டு. மூன்றும் 'கொண்டு' நடந்து வந்த மூன்று வழிகள். ஒன்று இன்னொன்றிலிருந்து பிறக்கவில்லை. 'கீது' என்பதும் 'இருக்கிறது' தேய்ந்து வந்த வடிவம். மற்றவர்கள் 'இருக்கு' என்று பின்பாதியைத் தேய்த்தார்கள், வடசென்னை முன்பாதியைத் தேய்த்தது.

பேச்சை ஆராய வேண்டுமானால் முதலில் அது கையில் கிடைக்க வேண்டும். எழுத்து அலமாரியில் காத்திருக்கும். பேச்சு வாயை விட்டு வந்ததும் காற்றோடு போய்விடும். அதனால்தான் பதிவுக் கருவிகள் வந்த பிறகே இந்தத் துறைக்கு வேகம் வந்தது. ஆனால் கருவியை எடுத்து வைத்தவுடன் ஆள் மாறிவிடுகிறார். அதுவரை 'இன்னாமா' என்று பேசிக்கொண்டிருந்தவர், மைக்கைப் பார்த்ததும் 'என்னங்கம்மா' என்பார். யாரும் கவனிக்காதபோது ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பதுதான் நமக்கு வேண்டும், அதைக் கவனிக்காமல் பெறவும் முடியாது. இந்த முரண்பாட்டுக்குப் பெயர் வைத்து, அதைத் தாண்டும் வழிகளையும் கண்டவர் வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலார். 1962-இல் நியூயார்க்கில் விலை உயர்ந்த கடை, நடுத்தரக் கடை, மலிவு விலைக் கடை என்று மூன்றுக்குப் போனார். நாலாவது மாடியில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி விசாரித்தார். கடை ஊழியர்கள் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் சொன்னார்கள். காதில் விழாதவர் போல இன்னொரு முறை கேட்டார், இப்போது கொஞ்சம் அழுத்தமாகச் சொன்னார்கள். அந்த இரண்டு சொற்களிலும் ரகரத்தை உச்சரிக்கிறார்களா என்று மட்டும் குறித்துக்கொண்டார். விலை உயர்ந்த கடையில் ரகரம் அதிகமாகவும் மலிவு விலைக் கடையில் குறைவாகவும் வந்தது. பேசியவர்களுக்குத் தாங்கள் ஆராயப்பட்டதே தெரியாது.

நம் ஊரில் இதைச் செய்ய ஆசையாக இருக்கும். தி.நகரில் பல மாடி ஜவுளிக்கடைகள் இருக்கின்றன. 'ஏழாவது மாடி' என்ற பதில் வரும்படி கேள்வி கேட்டால் போதும், ழகரம் எப்படி வருகிறது என்று தெரிந்துவிடும். சென்னைப் பேச்சில் அது யகரமாகும், வாழைப்பழம் வாயப்பயம் ஆகும். தெற்கே ளகரமாகும். முதல் முறை இயல்பாக என்ன வருகிறது, 'எந்த மாடிங்க?' என்று திரும்பக் கேட்டால் ழகரம் திருந்துகிறதா என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

பதிவு கிடைத்த பிறகுதான் உண்மையான உழைப்பு. கேட்டதை எழுத வேண்டும். நம் எழுத்து இங்கே கொஞ்சம் கைவிடுகிறது. 'வந்தான்', 'வந்தாள்' இரண்டையும் வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். 'வந்தாள்' என்பதில் ளகரம் விழுந்து 'வந்தா' ஆகிறது. 'வந்தான்' என்பதிலும் நாக்கு னகரத்துக்குப் போய் ஒட்டுவதில்லை. ஆகாரம் மூக்கு வழியாக வருகிறது, அவ்வளவுதான். ஆணா பெண்ணா என்ற முழுத் தகவலும் மூக்கில் காற்று போகிறதா இல்லையா என்பதில் இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னால் வித்தியாசம் உடனே தெரியும். இந்த மூக்கொலி உயிருக்குத் தமிழில் எழுத்து இல்லை. அதனால் ஐ.பி.ஏ. என்ற பன்னாட்டு ஒலிக்குறிகளில் எழுதுகிறார்கள். சந்தேகம் வந்தால் ப்ராட் என்ற மென்பொருளில் ஒலியைப் படமாக விரித்துப் பார்ப்பார்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசமாகக் கிடைக்கும்.

இனி நீளமான பேச்சு. அடுக்குமாடி வீட்டில் ஒரு அம்மா தன் மகளிடம் சொல்வதாக இதைப் படியுங்கள்.

"நேத்து சாயந்திரம், கீழ் வீட்டம்மா இல்ல, அவங்க வந்து, கரண்ட் போயிடுச்சில்ல, அப்ப வந்து கேட்டாங்க, டார்ச் இருக்கான்னு."

இதையே எழுதச் சொன்னால், 'நேற்று மாலை மின்சாரம் நின்றபோது, கீழ் வீட்டில் குடியிருக்கும் அம்மா வந்து டார்ச் இருக்கிறதா என்று கேட்டார்' என்று ஒரே வாக்கியமாக முடிப்போம். பேச்சில் அது ஆறு சிறு துண்டுகளாக வந்திருக்கிறது. இப்படித் துண்டு துண்டாக வருவதைக் குறையாகப் பார்க்காமல், அதுவே பேச்சின் அலகு என்று எடுத்து ஆராய்ந்தவர் வாலஸ் சேஃப் என்ற அமெரிக்க மொழியியலார். மூச்சும் குரலின் ஏற்ற இறக்கமும் சேர்ந்து வெட்டுகிற துண்டுகள் இவை. ஒவ்வொரு துண்டிலும் பெரும்பாலும் ஒரே ஒரு புதிய செய்திதான் இருக்கும், மனம் ஒரு நேரத்தில் அவ்வளவுதான் ஏந்தும் என்றார். 1975-இல் அவருடைய குழு பெர்க்லியில் பேச்சே இல்லாத சுமார் ஆறு நிமிடப் படம் ஒன்றை எடுத்தது. ஒரு பையன் பேரிக்காய்க் கூடையைத் திருடிப்போகும் கதை. பல நாட்டு மக்களுக்கு அதைக் காட்டி, பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள். கதை ஒன்றேதான் என்பதால் எந்த மொழி அதை எப்படி வெட்டுகிறது என்று ஒப்பிட முடிந்தது.

மேலே உள்ள பேச்சில் 'இல்ல' இரண்டு முறை வருகிறது. இரண்டு இடத்திலும் மறுப்பு கிடையாது. 'யாரைச் சொல்கிறேன் என்று தெரிகிறதா', 'ஞாபகம் இருக்கிறதா' என்று கேட்பவரைத் தொட்டுப் பார்க்கிறது. அடுத்து 'வந்து'. முதல் வந்து வருகையைச் சொல்லவில்லை, பேச்சு இன்னும் முடியவில்லை, குறுக்கே வராதே என்று இடம் பிடித்து வைக்கிறது. இரண்டாவது வந்து உண்மையிலேயே நடந்து வந்தது. எழுத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். காதால் கேட்டால் முதலாவதில் குரல் இழுத்து நிற்கிறது, இரண்டாவது அடுத்த சொல்லோடு ஒட்டிப் போகிறது. அச்சிடும்போது முதலில் வெட்டி எறியப்படுவது இந்த 'இல்ல'வும் 'வந்து'வும்தான். பேச்சை ஆராய்பவருக்கோ இவைதான் தங்கம்.

கேட்பவர் 'ம்' கொட்டுவதையும் விடக்கூடாது. எந்த இடத்தில் ம் வந்தது, எங்கே 'ஆங்' ஆனது, எங்கே இரண்டு பேர் குரலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறியது என்று உரையாடல் ஆய்வாளர்கள் நுணுக்கமாகக் குறிப்பார்கள். ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் 1974-இல் இதற்கு வழி போட்டார்கள். ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 0.2 நொடி அளவுதான் என்று பல மொழிகளை ஒப்பிட்ட பிந்தைய ஆய்வு காட்டியது. பதிலைத் தயார் செய்ய அந்த நேரம் போதாது. அவர் பேசி முடிக்கும் முன்பே நாம் நம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம்.

எழுத்து எப்போதும் அடர்த்தியானது, பேச்சு எப்போதும் தளர்வானது என்று சொல்லிவிட்டுப் போகலாமா? முடியாது. ஹாலிடே என்ற மொழியியலார் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார். எழுத்து பெயர், வினை போன்ற பொருட்சொற்களை நெருக்கி அடைக்கிறது. பேச்சு வாக்கியங்களைச் சிக்கலாகப் பின்னுகிறது. இரண்டுக்கும் சிக்கல் உண்டு, ஆனால் வேறு வேறு இடத்தில். டக்ளஸ் பைபர் என்ற மொழியியலார் 1988-இல் 23 வகைகளைச் சேர்ந்த 481 ஆங்கிலப் பனுவல்களில் 67 மொழிக்கூறுகளைக் கணினியால் எண்ணினார். எல்லாப் பேச்சையும் ஒரு பக்கமும் எல்லா எழுத்தையும் மறுபக்கமும் பிரிக்கும் கோடு எதுவும் கிடைக்கவில்லை. சொந்தக் கடிதங்கள் அரசாங்க ஆவணங்களை விட்டு விலகி உரையாடலுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

தமிழில் இதைப் பார்க்கக் கணினி கூட வேண்டாம். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் வாயால் சொல்வது எழுத்துத் தமிழ். அரசியல் மேடையில் தலைவர் 'அவர்களே, இவர்களே' என்று தொடங்கும்போது எழுத்துத் தமிழ். நடுவில் கூட்டத்தைச் சிரிக்க வைக்கக் கதை சொல்லும்போது பேச்சுத் தமிழுக்கு இறங்கி, முழக்கமிட மறுபடி ஏறுவார். இன்னொரு பக்கம், நீங்கள் தோழிக்கு வாட்ஸ்அப்பில் தட்டுவது முழுக்கப் பேச்சுத் தமிழ், அதையும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தட்டுகிறீர்கள். பீட்டர் கோச், வுல்ஃப் ஓஸ்டர்ரைஷர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1985-இல் இதைத் தெளிவாகப் பிரித்தார்கள். வாயா கையா என்பது ஒரு கேள்வி, நெருக்கமான மொழியா விலகி நிற்கும் மொழியா என்பது வேறு கேள்வி. நம் ஊர் நிலைமைக்கு அளந்து தைத்த மாதிரி இருக்கிறது இந்தப் பிரிவினை.

எழுத்தை ஆராய்வது தனி உலகம். சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்திலும் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஓலையில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகரம் ஏகாரம் வேறுபாடு தெரியாது. ஒரே பாட்டின் பல பிரதிகளை ஒப்பிட்டு எது மூலம் என்று தேடுவது ஒரு வேலை. எழுதியவரின் பிழைகளிலிருந்து அவர் எப்படிப் பேசினார் என்று ஊகிப்பது இன்னொரு வேலை, எனக்குப் பிடித்ததும் அதுதான். பிழை என்பது எழுத்துக்குள் பேச்சு கசியும் இடம். இன்றைக்கும் தெருவில் நடந்தால் பார்க்கலாம். தள்ளுவண்டி அட்டையில் 'எளநீர்' என்று எழுதியிருக்கும். இளநீர் என்பதில் அடுத்து அகரம் வருவதால் இகரம் எகரமாக இறங்குகிறது. இலை எலயாவதும், குடம் கொடமாவதும் அதே விதி. இடியும் குடியும் இறங்குவதில்லை, ஏனென்றால் அவற்றில் அடுத்து வருவது இகரம். அந்த அட்டையை எழுதியவர் தன் காதை நம்பி எழுதியிருக்கிறார்.

பேச்சைச் சேகரிப்பது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. ஆராய்ச்சிக்காக ஆங்கிலப் பேச்சையும் எழுத்தையும் திரட்டி வைத்திருக்கும் பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தில் 10 கோடி சொற்கள் இருக்கின்றன. அதில் பேச்சு 1 கோடிதான். மனிதர்கள் எழுதுவதைவிடப் பேசுவது எத்தனையோ மடங்கு அதிகம், தரவில் அது தலைகீழாகிவிடுகிறது. இப்போது கணினிக்குப் பேச்சைப் புரியவைக்கும் வேலை வந்ததால் நிலைமை மாறி வருகிறது. இங்கே ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஏ.ஐ.ஃபார்பாரத் குழு 22 இந்திய மொழிகளில் பேச்சைச் சேகரிக்கிறது. தமிழ் என்று வரும்போது ஒரு கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. 'வந்துட்டாங்க' என்று காதில் விழுந்தால் கணினி அதை அப்படியே எழுத வேண்டுமா, 'வந்துவிட்டார்கள்' என்று திருத்த வேண்டுமா? திருத்தினால் தேடுவது சுலபம். ஆனால் திருத்தப்பட்டதை மட்டுமே பார்த்து வளரும் இயந்திரத்துக்கு வந்துட்டாங்க என்ற வடிவமே எழுத்தில் இல்லாமல் போகும், 'வந்துக்கீறாங்க' என்று பேசும் உங்கள் பாட்டி அதற்கு இன்னும் தூரமாகிவிடுவார். அப்படியே எழுதியதையும் திருத்தியதையும் இரண்டு வரியாக வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

இதையேதான் நீங்களும் பாட்டியின் பதிவில் செய்ய வேண்டும். முதலில் பாட்டியிடம் அனுமதி கேளுங்கள். எதற்காக, யார் கேட்பார்கள் என்று சொல்லுங்கள். மறைத்து வைத்துப் பதிவு செய்யக் கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள், அடுப்பில் குக்கர் இருந்தால் விசில் அடங்கட்டும். போனை மடித்த துண்டின் மேல் வைத்து அவர் வாய்க்கு ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். சட்டையில் குத்தும் சின்ன மைக் கிடைத்தால் இன்னும் நல்லது. சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியுங்கள். அந்தக் கோப்பில் எதையும் வெட்டாமல் இரண்டு இடத்தில் நகல் வையுங்கள்.

'வீட்டை எப்படிச் சொல்வீங்க' என்று கேட்காதீர்கள், உடனே உஷாராகி வீடு என்பார். கதை கேளுங்கள். உயிர் பிழைத்த கதை கேட்டால் பேசுபவர் மைக்கை மறந்துவிடுவார் என்பது லபோவ் சொன்ன உத்தி. 2004 சுனாமி நாளில் எங்கே இருந்தார், 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஆரம்பியுங்கள். கல்யாணம் ஆகி வந்தபோது தெரு எப்படி இருந்தது என்று கேளுங்கள். முதல் பத்து நிமிடம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பொறுமையாக இருங்கள். முடிந்தால் அவருடைய தோழி ஒருவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டு பாட்டிகள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டால் உங்களையே மறந்துவிடுவார்கள்.

தேதி, இடம், பாட்டியின் வயது, பிறந்த ஊர், எந்தப் பேட்டையில் எத்தனை காலம், வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுவார்களா என்பதைப் பதிவோடு எழுதி வையுங்கள். சென்னைப் பேச்சில் இந்த மொழிகளின் பங்கு பெரியது. நைனா தெலுங்கிலிருந்து வந்தது, பேஜார் உருதுவிலிருந்து வந்தது. இந்தப் பின்னணி தெரியாவிட்டால் பின்னால் கேட்பவருக்குப் பதிவு பாதிப் பயன்தான்.

எழுதும்போது ஈலான் என்ற மென்பொருள் உதவும். நெதர்லாந்தில் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் செய்தது, இதுவும் இலவசம். ஒலிக்குக் கீழே வரிகளை அடுக்கிக்கொண்டே போகலாம். முதல் வரியில் காதில் விழுந்தபடி, 'வூட்டாண்ட வந்துக்கினு கீது' என்றால் அப்படியே. இரண்டாவதில் 'வீட்டருகே வந்துகொண்டிருக்கிறது'. நிறுத்தங்களையும் ம் கொட்டலையும் விடாதீர்கள். பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போய்விடும், அதனால் முழுப் பதிவையும் எழுத முயலாமல் நல்ல பகுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பாட்டியோடு பேசும்போது நீங்களும் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். நீங்கள் 'சொல்லுங்கள் பாட்டி' என்று ஆரம்பித்தால் அவரும் உங்களுக்கு ஏற்ற மாதிரி மாறிவிடுவார். 'இன்னா ஆயா, அப்பால இன்னா ஆச்சு' என்றே கேளுங்கள்.